சன்ரூஃப் காரில் தண்ணீர் ஒழுகல்: சில மழைக்காலங்களின் அனுபவம்

நான் வைத்திருக்கும் அதே காரை வாங்கப் போகும் நண்பர் ஒருவர், சன்ரூஃப் (கூரையில் திறந்து மூடும் கண்ணாடி) உள்ள வேரியன்ட்டை எடுக்கலாமா என்று கேட்டிருந்தார். பதில் நீண்டுவிட்டதால் எல்லோருக்குமாக எழுதுகிறேன். மைலேஜ், பிக்கப் எதிலும் எனக்குக் குறை இல்லை, சென்னையில் தோண்டிப் போட்ட ரோட்டுக்கு இந்த விலையில் இதைவிட நல்ல சஸ்பென்ஷனை நான் பார்க்கவில்லை. என் பிரச்சினை ஒன்றே ஒன்றுதான்: தண்ணீர்.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் காலையில் கண்ணாடியின் உள்பக்கம் முழுக்க ஆவி படிந்திருக்கும். கதவைத் திறந்தால் ஈரச் சாக்கு வாடை. இடது முன் சீட்டில் கால் வைக்கும் இடத்தில் மேட்டைத் தூக்கிவிட்டு கார்பெட்டை அழுத்தினால் விரலிடுக்கில் தண்ணீர் ஏறும். சர்வீஸ் சென்டரில் முதலில் ஏசி டிரெய்ன் பைப் (ஏசியில் சேரும் தண்ணீரை வெளியே விடும் குழாய்) அடைப்பு என்று சொல்லி, அதைச் சுத்தம் செய்து பில்லும் போட்டார்கள். எனக்கு அப்போதே ஒப்பவில்லை. ஏசி தண்ணீர் என்றால் சித்திரை வெயிலிலும் ஏசி ஓடும்போது வர வேண்டும், இங்கே மழையில் வண்டி சும்மா நின்றாலே நனைகிறது. இன்ஜினைக் குளிர்விக்கும் கூலண்ட் என்றால் நிறமும் பிசுபிசுப்பும் ஒரு தித்திப்பு வாடையும் இருக்கும், இது வெறும் தண்ணீர். இதையெல்லாம் பக்கத்தில் நின்று சொல்லியும், அடுத்த முறை சன்ரூஃப் கண்ணாடியைச் சுற்றி சிலிக்கான் பசை பூசி அனுப்பிவிட்டார்கள். அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

ஏனென்றால் சன்ரூஃப் ரப்பர் முழுத் தண்ணீரையும் நிறுத்துவதற்காக வைத்ததே இல்லை. கொஞ்சம் உள்ளே இறங்கும், கண்ணாடியைச் சுற்றியுள்ள வாய்க்காலில் சேரும், அங்கிருந்து மூலைகளில் உள்ள மெல்லிய டியூப்கள் வழியாக, கூரையைத் தாங்கும் பில்லருக்குள் இறங்கி வெளியே போய்விடும். இந்த டியூப் அடைத்தால்தான் தண்ணீர் கூரையிலிருந்து காருக்குள் வழி தேடும். அந்த காரையே தினமும் விற்று சர்வீஸ் செய்கிறவர்களுக்கு இது தெரியாமல் இருக்கக் கூடாது.

கண்டுபிடித்தவர் எங்கள் தெருமுனை மெக்கானிக் அண்ணன். சன்ரூஃபைத் திறந்து, முன்பக்க வலது மூலையில் பாட்டிலிலிருந்து கொஞ்சம் தண்ணீர் ஊற்றினார், உடனே கீழே தரை நனைந்தது. இடது மூலையில் ஊற்றியது அப்படியே நின்றது. டியூப் முடியும் இடம் முன் கதவின் கீல் பக்கம் இருந்தது, அதன் நுனியில் கீறல் விட்ட சின்ன ரப்பர் மூடி. அதைப் பிதுக்கியதும் கருப்புச் சேறு, அதோடு மக்கிப்போன வேப்பம்பூ. எங்கள் தெருவில் நிழல் என்றாலே வேப்பமரம்தான், வண்டியை வேறெங்கே நிறுத்துவது? புல்வெட்டும் மெஷினில் போடும் நைலான் கம்பியை மேலிருந்து மெதுவாக விட்டு மீதியை எடுத்தார். கம்ப்ரஸர் காற்றை வேகமாக அடிக்கவே கூடாது என்றார், கூரைக்குள் டியூப் கழன்றுவிட்டால் ஹெட்லைனரையே (கூரையின் உள்பக்க விரிப்பு) இறக்க வேண்டி வருமாம்.

சன்ரூஃப் இல்லாத காரிலும் நனையும். வைப்பருக்குக் கீழே இலை சேர்ந்திருக்கலாம், விண்ட்ஷீல்ட் மாற்றியபோது பசை சரியாகப் பிடிக்காமல் இருக்கலாம், ஸ்பீக்கர் மாட்டியவர் கதவுக்குள் இருக்கும் பிளாஸ்டிக் ஷீட்டைக் கிழித்திருக்கலாம். ஓஸ் பைப்பில் பார்ப்பதானால் கீழிருந்து மேலாக, ஒவ்வோர் இடமாக நனையுங்கள், உள்ளே ஒருவர் டார்ச்சோடு உட்காரட்டும். மேலிருந்து ஆரம்பித்தால் வழியும் தண்ணீர் எல்லா இடத்தையும் நனைத்துவிடும், ஒன்றும் புரியாது.

அடைப்பை எடுத்ததோடு வேலை முடியவில்லை. கார்பெட்டுக்கு அடியில் தடியான ஃபோம் இருக்கிறது, மேலே காய்ந்தாலும் அது தண்ணீரை வைத்துக்கொண்டே இருக்கும். பேட்டரியைக் கழற்றிக் கொஞ்ச நேரம் விட்டு, அப்புறம் மெக்கானிக் அண்ணன் சீட்டைக் கழற்றினார் (சீட்டுக்கு அடியில் மஞ்சள் கனெக்டர் இருந்தால் அது ஏர்பேக் சம்பந்தப்பட்டது, விளையாடாதீர்கள்). ஒரு வயர் கனெக்டரில் பச்சை பூத்திருந்தது. இன்னொரு மழைக்காலம் விட்டிருந்தால் எலக்ட்ரிகல் செலவு எங்கே போய் நின்றிருக்குமோ. ஃபோமை மொட்டை மாடியில் வெயிலில் போட்டு நன்றாகக் காய்ந்த பிறகுதான் மாட்டினோம்.

போன மழைக்காலத்தில் ஒரு சொட்டு இல்லை. மாலையில் ஈசிஆரில் போகும்போது சன்ரூஃபைத் திறந்தால் உள்ளே வரும் கடல் காற்றுக்கு ஈடே கிடையாது, என் மகளுக்கு இந்தக் காரில் பிடித்ததே அதுதான். வடிவமைப்பிலும் தப்பு சொல்ல முடியாது, சுத்தமாக வைத்தால் ஒழுங்காக வேலை செய்கிறது. ஆனால் சர்வீஸ் பட்டியலில் இந்த டியூப் பற்றி ஒரு வரிகூட இல்லை, கேட்டால் சிலிக்கான் பசையை எடுக்கிறார்கள். அதனால் நண்பரே, சன்ரூஃப் இல்லாத வேரியன்ட்டையே எடுங்கள். எடுத்தே தீருவேன் என்றால், டெலிவரி அன்று முன்பக்க இரண்டு மூலைகளிலும் அரை டம்ளர் தண்ணீர் ஊற்றிக் காட்டச் சொல்லுங்கள், தரை நனைவதைப் பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.