ஆன்டிவைரஸ் பாஸ்வேர்டு மறந்தால்: திரும்ப நிறுவுவதா, வழித்துத் துடைப்பதா?

ஒரு ஃபோல்டரை ஸ்கேனிலிருந்து விலக்கி வைக்க வேண்டியிருந்தது. அவ்வளவுதான் வேலை. ஆன்டிவைரஸைத் திறந்து செட்டிங்ஸுக்குப் போனால், பாஸ்வேர்டு கேட்டு ஒரு சின்னப் பெட்டி வந்து நின்றது. வைத்தது நான்தான், மூன்று வருடம் முன்பு. என்ன வைத்தேன் என்பதுதான் நினைவில்லை. வழக்கமாக வைக்கும் நாலைந்தையும் போட்டுப் பார்த்தேன், பலிக்கவில்லை. சரி, தொலையட்டும் என்று மென்பொருளையே நீக்கி, கணினியை மறுபடி துவக்கி, புதிதாக இறக்கி நிறுவினேன். செட்டிங்ஸைத் தொட்டதும் அதே பெட்டி.

அப்புறம் இன்னொரு கணினியிலும் இதே கதை நடந்தது. அதனால் இருக்கிற வழிகளில் முக்கால்வாசியைக் கையாலேயே செய்து பார்த்தாகிவிட்டது. என் ஓட்டு, ஆன்டிவைரஸ் நிறுவனமே தரும் நீக்கும் கருவிக்கு. மற்ற வழிகளும் கெட்டவை அல்ல; அவை எதை மிச்சம் வைத்துவிட்டுப் போகின்றன என்பதில்தான் என் சண்டை.

அதற்கு முன் ஒரு விஷயத்தைத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். மறந்தது எந்த பாஸ்வேர்டு? உரிமம் வாங்கிய இணையக் கணக்கின் பாஸ்வேர்டு என்றால் இந்தப் பாடெல்லாம் வேண்டாம், ‘மறந்துவிட்டேன்’ என்பதை அழுத்தினால் மின்னஞ்சல் வரும். செட்டிங்ஸைப் பூட்டும் பாஸ்வேர்டு வேறு. அது பெரும்பாலும் உங்கள் கணினிக்குள்ளேயே இருப்பது, மின்னஞ்சலுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அலுவலகக் கணினியாக இருந்தால் கதையே வேறு. அங்கே பூட்டு, நிறுவனத்தின் மையச் சர்வரிலிருந்து எல்லாக் கணினிகளுக்குமான பொது விதியாக இறங்குகிறது. நீங்கள் நூறு முறை நிறுவினாலும் சர்வரோடு இணைந்ததும் பூட்டும் கூடவே வந்துவிடும். ஐடி ஆட்களிடம் போங்கள்.

இனி வீட்டுக் கணினி. விண்டோஸில் வழக்கமான முறையில் நீக்குவதுதான் எல்லோரும் முதலில் செய்வது. ஐந்து நிமிட வேலை. நான் இடறியதும் இங்கேதான். நீக்கும்போது ஒரு திரையில் மூன்று டிக்குகள் இருந்தன: உரிமத் தகவல், செட்டிங்ஸ், தனிமைப்படுத்திய (வைரஸ் என்று சந்தேகித்துப் பூட்டி வைத்த) கோப்புகள், இவற்றை வைத்துக்கொள்ளவா என்று. மூன்றும் ஏற்கெனவே போட்டே இருந்தன. நான் படிக்காமல் ‘நெக்ஸ்ட்’ அழுத்தியிருக்கிறேன். செட்டிங்ஸை வைத்துக்கொள் என்றால் பாஸ்வேர்டையும் வைத்துக்கொள் என்றுதான் அர்த்தம்! உங்கள் மென்பொருளில் அப்படி ஒரு திரை வந்தால், செட்டிங்ஸ் டிக்கை எடுத்துவிட்டு இன்னொரு முறை முயலுங்கள். சிலருக்கு அதோடு தீர்ந்துவிடும். ஆனால் பல மென்பொருள்கள் நீக்குவதற்கே அந்த பாஸ்வேர்டைக் கேட்கும். கேட்டால் இந்தக் கதவு மூடியாயிற்று.

அடுத்து, கையால் அழிப்பது. மிச்சம் கிடப்பது எங்கே என்று தேடினால் பொதுவாக இரண்டு இடங்கள்: சி டிரைவில் மறைந்திருக்கும் ‘புரோகிராம்டேட்டா’ ஃபோல்டர், இன்னொன்று விண்டோஸ் ரெஜிஸ்ட்ரி, அதாவது விண்டோஸும் மென்பொருள்களும் தங்கள் அமைப்புகளை எழுதி வைக்கும் பதிவேடு. முதல் முறை நீக்கிய பிறகு நான் புரோகிராம்டேட்டாவைத் திறந்து பார்த்தபோது, ஆன்டிவைரஸ் பெயரில் ஒரு ஃபோல்டர் மூன்று வருடத்துக்கு முந்தைய தேதியோடு அப்படியே உட்கார்ந்திருந்தது. மென்பொருள் போய்விட்டது, அதன் வீடு போகவில்லை. திரும்ப நிறுவியதும் பழைய வீட்டிலேயே வந்து குடியேறிக்கொண்டது.

அதை நேரடியாக அழிக்கலாமே என்றால், மென்பொருள் ஓடிக்கொண்டிருக்கும்போது விடாது. ஆன்டிவைரஸ் தன் கோப்புகளையும் ரெஜிஸ்ட்ரி பதிவுகளையும் தானே காவல் காக்கும். வைரஸ் உள்ளே வந்தால் முதலில் காவலை அணைக்கத்தான் பார்க்கும் என்பதால் இந்த ஏற்பாடு. நிர்வாகி உரிமையோடு போனாலும் அனுமதி மறுப்புதான் கிடைக்கும். ரெஜிஸ்ட்ரியில் கை வைப்பதை நான் பாதியிலேயே நிறுத்திவிட்டேன். எந்தப் பதிவு ஆன்டிவைரஸுக்கு மட்டும் உரியது, எது வலையமைப்பு டிரைவரோடு (இணைய இணைப்பை இயக்கும் நிரலோடு) பின்னிக் கிடப்பது என்று பார்த்துப் பிரிக்கிற அளவுக்கு எனக்குப் பழக்கமில்லை. பழக்கம் உள்ளவர்களுக்கு இது சுலபமாக இருக்கலாம். பாஸ்வேர்டைப் படித்துவிடலாம் என்று மட்டும் யாரும் ஆசைப்பட வேண்டாம். அது பொதுவாக எழுத்தாக இல்லாமல் ஹாஷாகத்தான், அதாவது திருப்பிப் படிக்க முடியாதபடி மாற்றிய குறியீடாகத்தான் சேமிக்கப்பட்டிருக்கும்.

இப்போது நான் தேர்ந்தெடுத்த வழி. பெரிய நிறுவனங்கள் பலவும் தங்கள் மென்பொருளைத் துடைத்தெடுக்கத் தனியாக ஒரு கருவி தருகின்றன. அவாஸ்ட்டுக்கு அவாஸ்ட் கிளியர், காஸ்பர்ஸ்கைக்கு கேவ்ரிமூவர், மெக்காஃபிக்கு எம்.சி.பி.ஆர்., ஈசெட்டுக்கு ஈசெட் அன்இன்ஸ்டாலர். இலவசம்தான். ஆனால் அந்தந்த நிறுவனத்தின் தளத்திலிருந்து மட்டும் இறக்குங்கள். ‘பாஸ்வேர்டு நீக்கி’ என்று தேடினால் வந்து விழும் மற்றவை, ஆன்டிவைரஸை அணைக்கும் வித்தையைத் தெரிந்தவர்கள் எழுதியவை. அவர்களை எதற்கு வீட்டுக்குள் அழைக்க வேண்டும்?

கருவியைச் சேஃப் மோடில் ஓட்டுவதுதான் சூட்சுமம். அங்கே விண்டோஸ் தனக்கு அத்தியாவசியமான டிரைவர்களை மட்டுமே ஏற்றும். காவல் காக்கும் பகுதி பெரும்பாலும் எழுந்திருக்காது. ஷிப்ட் விசையை அழுத்தியபடி ரீஸ்டார்ட் கொடுத்தால் நீலத் திரை வரும். அதில் டிரபிள்ஷூட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ் என்று போய், மறுபடி துவங்கியதும் 4 அழுத்த வேண்டும். டிரைவையே பூட்டி வைக்கும் விண்டோஸ் வசதியான பிட்லாக்கர் போட்டிருந்தால் வழியில் 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்கலாம். ஒரு பூட்டை உடைக்கப் போய் அதைவிடப் பெரிய பூட்டில் மாட்டிக்கொள்ளாமல் இருக்க, அதை முன்கூட்டியே எடுத்து வையுங்கள். கருவியையும் முன்பே இறக்கிவிடுங்கள், 4-இல் போனால் இணையம் இருக்காது. எம்.எஸ்.கான்ஃபிக் (விண்டோஸ் துவங்கும் முறையை மாற்றும் கருவி) வழியாக, ‘சேஃப் பூட்’ டிக்கைப் போட்டுச் சேஃப் மோடுக்குப் போனவர்கள் வேலை முடிந்ததும் அந்த டிக்கை எடுக்க மறந்தால், ஒவ்வொரு முறையும் சேஃப் மோடிலேயே வந்து நிற்கும்.

அவாஸ்ட் கிளியர் போன்றவை, மென்பொருளை எந்த ஃபோல்டரில் நிறுவினீர்கள் என்று கேட்கும். அங்கே நிதானம் வேண்டும். தவறான ஃபோல்டரைக் காட்டினால் அதில் இருப்பது அழிந்துவிடும்.

கருவி முடிந்து கணினி எழுந்ததும் நான் நிறுவ அவசரப்படவில்லை. முதலில் புரோகிராம்டேட்டாவைப் பார்த்தேன், பழைய தேதி ஃபோல்டரைக் காணோம். விண்டோஸ் செக்யூரிட்டியைத் திறந்தால், விண்டோஸோடு கூடவே வரும் ஆன்டிவைரஸான டிஃபெண்டர் தானாக இயங்கிக்கொண்டிருந்தது. வேறு ஆன்டிவைரஸ் பதிவாகியிருக்கும்வரை டிஃபெண்டர் ஒதுங்கியே இருக்கும் என்பதால், பழையது கிளம்பிவிட்டதற்கு இது நல்ல அடையாளம். அதன் பிறகு நிறுவினேன். பெட்டி வரவில்லை.

விலை இல்லாமல் இல்லை. விலக்குப் பட்டியல், ஃபயர்வால் விதிகள் (எந்த மென்பொருள் இணையத்தோடு பேசலாம் என்பவை), தனிமைப்படுத்திய கோப்புகள் எல்லாம் போயின. உரிமத் தகவலும் அழியலாம் என்பதால் ஆக்டிவேஷன் குறியீட்டைத் தேடி வைத்துக்கொண்டு ஆரம்பிப்பது நல்லது. நான் அதைப் பாதியில்தான் தேடினேன், பழைய மின்னஞ்சலில் கிடைத்தது. ஃபயர்வால் விதிகளைத் திரும்பப் போட அரை மணி நேரம் ஆயிற்று.

நிறுவனத்தின் உதவி மையத்தை நான் அணுகிப் பார்த்தேன். உரிமத்துக்கான ஆதாரம் கேட்டார்கள், இரண்டு நாள் கழித்து அதே நீக்கும் கருவியின் முகவரியை அனுப்பினார்கள். செட்டிங்ஸை இழக்கவே முடியாத நிலையில் இருப்பவர்கள் வேண்டுமானால் முதலில் அங்கே கேட்கலாம்.

விண்டோஸையே ரீசெட் செய்வது இதற்கு அதிகப்படி. கோப்புகளை வைத்துக்கொள்ளும்படி சொன்னாலும், நீங்கள் நிறுவிய மென்பொருள்கள் எல்லாம் போய்விடும். இந்தக் காரணத்துக்காக நான் அதைச் செய்ததில்லை. வேறொரு கோளாறுக்காகச் செய்தபோது எல்லாவற்றையும் திரும்ப நிறுவ ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் போனது.

கடைசியாக ஒன்று, திரும்ப நிறுவாமலே விட்டுவிடுவது. இரண்டாவது கணினியில் நான் அதைத்தான் செய்தேன். கருவியால் துடைத்த பிறகு டிஃபெண்டர் ஓடிக்கொண்டிருந்தது, அப்படியே விட்டேன். அதற்கென்று தனி பாஸ்வேர்டு கிடையாது, விண்டோஸின் நிர்வாகிக் கணக்கே பூட்டு. அதை நான் தினமும் அடிப்பதால் மறப்பதில்லை. பாதுகாப்பில் எது மேல் என்று தீர்ப்புச் சொல்கிற அளவுக்கு நான் சோதித்ததில்லை. ஆன்டிவைரஸ் உரிமம் இன்னும் நான்கு மாதம் மிச்சமிருக்கிறது, அந்தக் கணினியில் திரும்பப் போட மனம் வரவில்லை.