வெட்டிவேர்: ஐந்தாண்டுக் குடித்தனம்

தோட்டத்தில் வெட்டிவேர் வைக்கலாமா என்று நண்பர் ஒருவர் கேட்டிருக்கிறார். நேற்றுத்தான் அதன் தாள்களை அறுத்துத் தூர்களைப் பிரித்தேன். தாளின் ஓரத்தில் கண்ணுக்குத் தெரியாத ரம்பம் ஒன்று உண்டு, அது இரண்டு முன்கைகளிலும் கோடுகோடாகக் கீறியிருக்கிறது. அந்த எரிச்சலோடுதான் இதை எழுதுகிறேன்.

ஐந்தாண்டுகளாக என்னை உறுத்துவது ஒன்றுதான்: மணப்பயிர் என்று பெயர், ஆனால் தோட்டத்தில் மணக்காது. பக்கத்துத் தொட்டியில் இருக்கும் கற்பூரவள்ளி, வேட்டி உரசினாலே திண்ணை வரை மணக்கிறது. இதுவோ ஆளுயரம் வளர்ந்து நின்றும் வெறும் புல்லாகவே இருக்கிறது. மணமெல்லாம் வேரில், அதை முகர வேண்டுமானால் ஓராண்டுக்கு மேல் காத்திருந்து தூரையே தோண்ட வேண்டும்.

முதல் தூரைக் களிமண்ணில் வைத்துவிட்டதால், 14 மாதம் கழித்துக் கடப்பாரை போட்டும் பாதி வேர் அறுந்து உள்ளேயே தங்கிவிட்டது. பக்கவாட்டில் ஓடாமல் நேர் கீழே இறங்கும் வேர் அது, தோதான மண்ணில் 3 மீட்டர் வரைகூடப் போகும். கடலூர்ப் பக்கம் கடலோர மணலில் இதைப் பயிரிடும் காரணம் அன்றுதான் விளங்கியது. அடுத்த முறை உரச்சாக்கில் மணலும் மட்கிய எருவும் நிரப்பி வைத்தேன். 18 மாதம் கழித்துச் சாக்கைக் கிழித்துக் குழாய்த் தண்ணீரைப் பாய்ச்சியபோது, மணல் கரைந்தோடி, சிக்குப் பிடித்த சடைபோல வேர் முழுதாகக் கைக்கு வந்தது. அப்போதும் மண்வாசனைதான் தூக்கலாக இருந்தது. நிழலில் உலர்த்தி, ஒரு பிடியை மண்பானைத் தண்ணீரில் போட்டு, மறுநாள் காலையில் மூடியைத் திறந்தபோது எழுந்த மணத்தைக் கடையில் வாங்கிய எந்த வேரிலும் நான் கண்டதில்லை.

குறை மட்டும் சொல்வது நியாயமில்லை. மூன்று வாரம் ஊருக்குப் போய்விட்டு வந்தாலும் வாடியதில்லை. விதை விழுந்து கண்ட இடத்தில் முளைத்ததுமில்லை. வேரை வெட்டிக்கொண்டு, ஒரு சாண் தாளோடு தூரைத் திரும்ப நட்டால் மறுபடியும் தழைக்கிறது. வாய்க்கால் கரையில் வைத்த வரிசை, மழைக்கு மண் சரிவதையும் நிறுத்திவிட்டது.

இருந்தும் நண்பருக்கு என் பதில், வேண்டாம் என்பதுதான். நாட்டு மருந்துக் கடையில் ஒரு கட்டு வாங்கிக்கொள்ளட்டும். கீறல் ஆறிய பிறகு கேட்டிருந்தால் வேறு சொல்லியிருப்பேனோ என்னவோ. பிரித்த தூர்கள் எட்டு, வாசலில் ஈரச்சாக்கில் கிடக்கின்றன. மாலைக்குள் யாராவது வந்து எடுத்துப் போனால் நல்லது.