மூன்று பேர் கூடாரம், இரண்டு பேருக்கு வாங்கலாம்

பையில் மூன்று பேர் என்று போட்டிருக்கும், ஆனால் இரண்டு பேரும் அவர்கள் மூட்டையும்தான் உள்ளே தாராளமாகப் படுக்க முடியும். ஆடி மாதம் பணகுடி பக்கம் ஒரு தோப்பில் இதை விரித்தோம், தென்னைக்கு அடியில் அல்ல, நெற்றும் மட்டையும் விழும் என்பதால் வெட்டவெளியில். ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று எப்படி அடிக்கும் என்று அந்தப் பக்கத்துக்காரர்களுக்குத் தெரியும். கம்பிகள் வளைந்து கொடுத்தன, துணி கிழியவில்லை, தையல் பிரியவில்லை, அதற்கே காசு தகும்.

முளைகள்தான் படுமோசம். மெல்லிய அலுமினியம், செம்மண்ணுக்குள் ஒரு கல் தட்டியதும் கொக்கி மாதிரி வளைந்துவிட்டது. இரும்புக் கடையில் முக்கால் அடிக்குக் கம்பி வெட்டி, தலையை வளைத்து வாங்கிக்கொள்ளுங்கள். திசையன்விளை, உவரி பக்கத்துத் தேரி மணலில் அதுவும் நிற்காது, சாக்கில் மணல் நிரப்பிக் கயிற்றைக் கட்டிப் புதைக்க வேண்டும்.

மேல்துணி சாரலைத் தாங்கும், ஐப்பசி மழைக்கு மேலே ஒரு தார்ப்பாய் தேவை. அடியில் விரிக்கிற தார்ப்பாய் மட்டும் கூடாரத்தைவிடச் சிறியதாக இருக்கட்டும், ஓரம் வெளியே நீட்டினால் மழைநீரை வாங்கி நேராக உங்கள் முதுகுக்கு அடியில் கொண்டுவந்து விடும். அப்புறம், ஜன்னலை முழுக்க மூடாதீர்கள், விடியும்போது மூச்சுக்காற்று நீராகி உட்பக்கம் சொட்டும்.

முண்டந்துறை, களக்காடு காட்டுக்குள் கொண்டுபோகலாம் என்று நினைத்து வாங்க வேண்டாம், அது புலிகள் காப்பகம்.