தோலைத் திறப்பது எது: மீயொலியா, மின்னோட்டமா, நுண்ணூசியா?

தோல் வழியே மருந்து செலுத்துவதற்குத் தடையாக நிற்பது, பெரும்பாலான இடங்களில் 20 மைக்ரோமீட்டர்கூடத் தடிமன் இல்லாத ஓர் அடுக்கு. இறந்த செல்கள் செங்கல், இடையே உள்ள கொழுப்பு சாந்து; அப்படியொரு சுவர். சுமார் 500 டால்டனுக்கு (மூலக்கூறு எடையின் அலகு) மேற்பட்ட மூலக்கூறுகளை அது எளிதில் விடாது. நிகோட்டின் 162 டால்டன், தாராளமாக நுழைந்துவிடும். இன்சுலின் சுமார் 5,800, வாசலிலேயே நின்றுவிடும்.

இந்தச் சுவரைத் திறக்கும் வழிகளில் என் மனம் சாய்வது மீயொலிப் (அல்ட்ராசவுண்ட்) பக்கம். பிசியோதெரபியில் பயன்படும் 1 மெகாஹெர்ட்ஸ் ஒலியைச் சொல்லவில்லை. அதில் தோல் அவ்வளவாக இளகுவதில்லை. வியப்பு 20 கிலோஹெர்ட்ஸ் அருகில்தான் இருக்கிறது. 1995இல் மித்ரகோத்ரி, பிளாங்க்ஷ்டைன், லாங்கர் ஆகிய ஆய்வாளர்கள் மூவரும், இந்தத் தாழ்ந்த அதிர்வெண்ணில் இன்சுலின் போன்ற புரதங்களே மனிதத் தோலைக் கடப்பதை ஆய்வகத்தில் காட்டினார்கள்.

வேலையைச் செய்பவை, தோலின் மேலுள்ள திரவத்தில் ஒலி உண்டாக்கும் குமிழிகள். அதிர்வெண் குறையக் குறைய, ஒவ்வொரு அலையிலும் குமிழி பெரிதாக நேரம் கூடுகிறது. பெருத்த குமிழி தோலருகே நொறுங்கும்போது ஒரு பக்கமாகச் சரிந்து, ஊசிபோன்ற நீர்த்தாரையாகத் தோலைத் தாக்குகிறது. இந்த ஒலியை எழுப்பும் கருவிமுனையின் கீழே நீருக்குள் அலுமினியத் தாளைப் பிடித்தால், சற்று நேரத்தில் அதில் பொடிப்பொடிக் குழிகள் விழுந்திருக்கும். தோலிலும் திறப்பு அப்படித் திட்டுத்திட்டாகத்தான் விழுகிறது, சீராக விழுவதில்லை. சூடும் ஏறும். இவை உண்மையான குறைகள்.

ஆனால் திறந்த தோல் பல மணி நேரம் திறந்தே இருக்கிறது. ஒலியை நிறுத்திய பிறகும் மருந்து உள்ளே போகும். சர்க்கரையை அளப்பதற்கான திரவத்தை வெளியே இழுக்கவும் முடியும். மரத்துப்போகச் செய்யும் லிடோகைன் களிம்பு விரைவாக வேலை செய்ய உதவும் மீயொலிக் கருவிக்கு 2004இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது.

தோலில் மெல்லிய மின்னோட்டம் பாய்ச்சும் முறை, மின்னூட்டமுள்ள சிறு மூலக்கூறுகளைத் தள்ளிவிடும். நுரையீரலையும் செரிமானத்தையும் பாதிக்கும் மரபணு நோயான சிஸ்டிக் ஃபைப்ரோசிஸைக் கண்டறியும் வியர்வைச் சோதனையில் 1959 முதல் இது நிலைத்துவிட்டது. ஆனால் ஒற்றைத் தலைவலிக்கான மின்பட்டை ஒன்று 2013இல் அனுமதி பெற்று, தீக்காயம், தழும்புப் புகார்களால் 2016இல் விற்பனையிலிருந்து நின்றது. பெரிய புரதங்களுக்கு இதை நான் நம்பமாட்டேன்.

நுண்ணூசிப் பட்டைக்கு இயந்திரமே வேண்டாம். ஒரு மில்லிமீட்டருக்கும் குட்டையான, மருந்து ஏந்திய முனைகள் சுவரைத் துளைத்துக் கரைந்துவிடும். காம்பியாவில் நடந்த சோதனையில், தட்டம்மை–ரூபெல்லா தடுப்பு மருந்து இப்படிப் பட்டையாகவே குழந்தைகளுக்கு ஒட்டப்பட்டது. கிடைத்த எதிர்ப்புச் சக்தி வழக்கமான ஊசிக்கு நிகராக இருந்தது. தடுப்பு மருந்தைப் பொறுத்தவரை மீயொலி இதனோடு போட்டியிடவே தேவையில்லை.

இன்சுலின் கதை வேறு. ஒருமுறை கரைந்த முனையைத் திரும்ப எடுக்க முடியாது. மீயொலி திறந்த தோலின் மேல் வைத்த மருந்தையோ, சர்க்கரை சரியத் தொடங்கியதும் துடைத்துவிடலாம்; அதன்பின் புதிய மருந்து தோலுக்குள் போகாது. மீயொலிக்குத் தடை, கருவியின் பருமன். அதற்காகத்தான் ஒலியெழுப்பும் ஜால்ரா வடிவத் தட்டை அதிர்விகளை அடுக்கிப் பார்த்திருக்கிறார்கள். முயல்களில் அவை இன்சுலினைத் தோல் வழியே செலுத்தி இரத்தச் சர்க்கரையைக் குறைத்தன.