நடந்து போகும் தூரத்தில் ஒரு சித்தி

டிசம்பர் கடைசியில் மூன்று வாரம் மும்பை போய் வந்தோம். இந்தப் பயணம் முழுக்க என் மகளுக்காக. அவளுக்கு 22 வயது. நாங்கள் மாட்டுங்காவில் குடியிருந்த 2003-இல், மும்பையில் ஓர் இல்லத்திலிருந்து நான்கு மாதக் குழந்தையாக அவளைத் தத்தெடுத்தோம். அவளுக்கு மூன்று வயதானபோது டொராண்டோ போய்விட்டோம். விவரம் தெரிந்த நாளிலிருந்தே அவளுக்கு எல்லாம் தெரியும். "என்னைப் பெத்தவங்களைத் தேடட்டுமா அம்மா?" என்று போன வருஷம் கேட்டாள். அன்று ராத்திரி எனக்குத் தூக்கமில்லை. காலையில் சரி என்றேன்.

2022 தத்தெடுப்பு ஒழுங்குமுறைகளில் இதற்கு வழி இருக்கிறது. 18 வயது நிரம்பியவர் தானே ‘காரா’ எனப்படும் மத்திய ஆணையத்துக்கு விண்ணப்பிக்கலாம். அதற்குக் குறைந்த வயதென்றால் வளர்த்த பெற்றோரோடு சேர்ந்து. மூன்றாம் ஆள் தேடித் தர அனுமதி இல்லை. இரண்டே வாரத்தில் கண்டுபிடித்துத் தருவதாக முன்பணம் கேட்ட ஒருவர் எங்களுக்கும் வாய்த்தார், நல்லவேளை, விட்டுவிட்டோம். பெற்றவள் தன் அடையாளம் தெரியக்கூடாது என்று கேட்டிருந்தால், அவள் எழுத்தில் சம்மதம் தந்தால்தான் சொல்வார்கள். அவள் மறுத்தாலும், ஆளே கிடைக்காவிட்டாலும், எந்தச் சூழ்நிலையில் குழந்தையை ஒப்படைத்தாள் என்பதைப் பிள்ளைக்குச் சொல்லியாக வேண்டும். இந்த விதியை அச்செடுத்துக் கையில் வைத்திருங்கள்.

எங்களுக்கு அது தேவைப்பட்டது. இல்லத்தின் அலுவலகத்தில் இருந்தவர் ஒரு முறைகூட என் மகளின் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை. பெண்ணுக்கு என்ன குறை வைத்தீர்கள், எதற்கு இதெல்லாம் என்று என்னிடம் இந்தியில் கேட்டார். விண்ணப்பம் அவளுடையது, அவளிடம் பேசுங்கள் என்று மூன்று தடவை சொன்னேன். பழைய ஃபைல், ஒன்றும் இருக்காது என்று அனுப்பப் பார்த்தார். மகள் பதில் பேசாமல் அந்தத் தாளை மேசைமேல் வைத்தாள். இரண்டு நாள் கழித்து அங்குள்ள சமூகப் பணியாளர் கூப்பிட்டார்.

அந்த அம்மாள் ஃபைலை மகள் பக்கமாக வைத்துவிட்டு, என்னை வெளியே உட்காரச் சொன்னார். சுருக்கென்றது. ஆனால் அங்கே நடந்த காரியங்களிலேயே அதுதான் மிகச் சரியானது என்று இப்போது நினைக்கிறேன்.

குழந்தையை ஒப்படைத்தவர் மனம் மாறினால் திரும்ப வாங்கிக்கொள்ள அவகாசம் உண்டு. இன்றைய சட்டத்தில் 60 நாள். என் மகளைப் பெற்றவள் 41-ஆம் நாள் வந்திருக்கிறாள். ஒரு மணி நேரம் குழந்தையை மடியில் வைத்திருந்துவிட்டுப் போயிருக்கிறாள். யாரோ ஓர் ஆயா சொல்ல, யாரோ எழுதிவைத்த இரண்டு வரி. "என்னைப் பார்க்க வந்திருக்காங்கம்மா" என்றுதான் மகள் வெளியே வந்தாள். வேறெதுவும் அன்று பேசவில்லை.

பழைய முகவரி தாராவி. அந்தச் சமூகப் பணியாளர் அங்கே கடிதம் போடவில்லை, யார் கையில் கிடைக்குமோ என்று. நேரில் போனார். தங்கை மட்டும் அதே சந்தில் இருந்தாள். பெற்றவள் கல்யாணமாகித் திருநெல்வேலிப் பக்கம் போய்விட்டாள். வீட்டுக்காரருக்கு எதுவும் தெரியாது. நான் வர முடியாது, தங்கச்சி போய்ப் பார்க்கட்டும் என்று எழுதித் தந்தாள். மாட்டுங்காவிலிருந்து தாராவி நடந்து போகும் தூரம். சின்ன வயதில் எங்களை அந்தப் பக்கம் விடவே மாட்டார்கள். அதை நினைத்தால் இப்போது நெஞ்சு கனக்கிறது.

சந்திப்பு இல்லத்திலேயே, ஒரு மணி நேரம். பெயர், ஊர் எதுவும் வாயில் வராமல் "அக்கா, அக்கா" என்றே அந்தத் தங்கை முழுக்கப் பேசினாள். நம் மொழியில் அது முடிகிறது. "காது அப்படியே அக்கா காதுலா" என்று மகளின் காதைத் தொட்டாள். மகள் தயங்கி, "சித்தி" என்றாள். எந்த டாக்டரிடம் போனாலும் குடும்பத்தில் என்ன நோய் என்ற கேள்விக்கு ‘தெரியாது’ என்றே எழுதி வந்தவள், பாட்டிக்குச் சர்க்கரை, தாத்தாவுக்கு ரத்தக்கொதிப்பு என்று குறித்துக்கொண்டாள்.

கையில் கொஞ்சம் பணம் கொண்டு போயிருந்தேன். சமூகப் பணியாளர் வாசலிலேயே வாங்கி என் பைக்குள் வைத்துவிட்டார். இன்றைக்குக் கொடுத்தால், சித்தி எதற்காக வருகிறாள் என்று நாளைக்கு உங்கள் மகளுக்கே சந்தேகம் வரும் என்றார். ஆறு மாதத்துக்கு போன் நம்பர் பரிமாறிக்கொள்ளக் கூடாது, கடிதமும் படமும் இல்லத்தின் வழியாகத்தான் என்று இருவரிடமும் பேசி முடிவு செய்தார். அந்த அம்மாள் இல்லாவிட்டால், ஃபைல் கிடைத்தும் நாங்கள் எதையாவது கெடுத்திருப்போம். இல்லத்துக்கு இல்லம் இப்படி ஒருவரைச் சம்பளம் கொடுத்து வைக்க வேண்டும்.

கிளம்பும்போது சித்தி கதவருகே நின்று, "அக்கா, பொங்கலுக்கு இருப்பியளா? 90 அடி ரோட்டுல வரிசையா பானை வைப்போம்" என்றாள். திருநெல்வேலி அக்காவைப் பற்றி ஏதோ சொல்கிறாள் என்று நினைத்து நான் பேசாமல் நின்றேன். மகள் என் கையைப் பிடித்து அழுத்தினாள். "உன்னைத்தாம்மா கேக்கறாங்க."