புது டயர் என்று 2018 சரக்கைத் தலையில் கட்டிவிட்டார்கள்: ரூ.16,800 பறிபோனது

கார் வைத்திருப்பவர்கள் தயவுசெய்து இதைப் படியுங்கள். கடைக்காரரிடம் பேசிவிட்டு இப்போதுதான் போனை வைத்தேன். கை இன்னும் நடுங்குகிறது.

2025 பொங்கலுக்கு முன் காரின் நான்கு டயர்களையும் மாற்றினேன். புறவழிச் சாலையில் உள்ள, பல நிறுவன டயர்களையும் விற்கும் பெரிய கடை அது. ஒன்று 4,200 வீதம் 16,800 ரூபாய். "புது சரக்குதானே?" என்று கேட்டேன். அந்த மனிதர் பின்சீட்டில் இருந்த என் மகளைப் பார்த்துக்கொண்டே, "சார், குழந்தையை வைத்து ஓட்டுகிறீர்கள். உங்களுக்குப் பழையதைக் கொடுத்துவிட்டு எனக்குச் சோறு இறங்குமா?" என்றார். டீ வரவழைத்தார். நைட்ரஜன் காற்றுக்குக் காசு வேண்டாம் என்றார். அதற்கு மேல் எதைக் கேட்பது? பணத்தைச் செலுத்திவிட்டு வந்தேன்.

போன வாரம், கொளுத்தும் மே மாத வெயிலில் உளுந்தூர்பேட்டை அருகே ஸ்டீயரிங் திடீரென ஆட ஆரம்பித்தது. ஓரம் கட்டிப் பார்த்தால், பின்பக்க டயரின் மேல்பட்டை உரிந்து தொங்குகிறது. லாரிகள் உரசுவது போலப் போகும் சாலையில் மகளையும் மனைவியையும் தடுப்புக்கு அப்பால் நிற்க வைத்துவிட்டு ஸ்டெப்னி மாற்றினேன். பட்டை இன்னும் கொஞ்சம் வேகத்தில் கிழிந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே முடியவில்லை.

அடுத்து வந்த பஞ்சர் கடையில் அந்த டயரைக் கழற்றித் திருப்பிக் காட்டினார் ஒரு பெரியவர். உள்பக்கம் முழுக்க நகம் நுழையும் அளவுக்கு வெடிப்பு. துணியால் துடைத்ததும் கறுப்புப் பாலிஷ் அப்படியே துணியில் ஒட்டிக்கொண்டது. அங்கேதான் இருந்தது அந்த நான்கு இலக்கம்: 2218. அதாவது 2018ஆம் ஆண்டின் 22ஆவது வாரத்தில் தயாரான டயர். ஆறரை ஆண்டு கிடந்த சரக்கு! தேதி அச்சாகியிருந்த பக்கத்தை உள்ளே திருப்பி மாட்டியிருக்கிறார்கள். மற்ற மூன்றிலும் அதே கதை. ரப்பர் ஓடாமல் கிடந்தாலும் இறுகி வெடிக்கும் என்பது டயர் விற்கிறவருக்குத் தெரியாதா?

கடைக்குப் போனால், முதலில் "பள்ளத்தில் விட்டிருப்பீர்கள்." பிறகு "காற்று குறைவாக வைத்திருப்பீர்கள்." அப்புறம் "கம்பெனியில் கேளுங்கள்." கம்பெனிக்காரர்கள் பில் கேட்கிறார்கள். கடையில் கொடுத்ததோ 'எஸ்டிமேட்' என்று அச்சடித்த துண்டுச்சீட்டு. ஜிஎஸ்டி எண்ணும் இல்லை, டயர் எண்ணும் இல்லை. இன்று "முதலாளி ஊரில் இல்லை" என்று சொன்னது, டீ வாங்கித் தந்த அதே குரல். 16,800 ரூபாய் போனதோடு, வேறு நான்கு டயர்களுக்கும் அலைன்மென்ட்டுக்கும் மறுபடி செலவு.

டயரை மாட்டுவதற்கு முன்பே அந்த நான்கு இலக்கத்தைப் பாருங்கள். முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு ஆண்டு. ஒரு பக்கத்தில் இல்லையென்றால் மறுபக்கம் பாருங்கள். எண்ணைப் போட்டோ எடுங்கள். ஜிஎஸ்டி பில் தராவிட்டால் எழுந்து வந்துவிடுங்கள். ஏமாந்திருந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. நான் செல்பேசியில் பணம் அனுப்பிய சான்றை வைத்துப் புகார் பதிவு செய்துவிட்டேன். அடுத்து மாவட்ட நுகர்வோர் ஆணையம். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் அங்கே புகார்க் கட்டணம் கிடையாது. அந்த 16,800 ரூபாயை விடுவதாக இல்லை.