தொடர்ந்து கோல் அடித்தால் வீரர் வளர்கிறாரா? மூன்று கால்பந்து வீடியோ கேம்கள்

இளம் ஸ்ட்ரைக்கர் ஒருவர் ஐந்து ஆட்டங்களாக விடாமல் கோல் அடிக்கிறார். அவர் திறமை கூடிவிட்டதா, இல்லை ஃபார்ம் மட்டும்தானா? ஒவ்வொரு கேமும் இதற்கு வேறு பதில் வைத்திருக்கிறது.

நாம் ஆடாமல் மேலாளராக அணியை நடத்தும் கேமான ஃபுட்பால் மேனேஜர் இரண்டையும் கறாராகப் பிரிக்கிறது. ஒவ்வொருவருக்கும் இப்போதைய திறன், எட்டக்கூடிய உச்சம் என 200-க்கு இரண்டு எண்கள் உள்ளே மறைந்திருக்கும். எத்தனை கோல் அடித்தாலும் அந்த உச்சம் நகராது. கோல்கள் மனநிலையைத் தூக்கிவிடும், அடுத்த ஆட்டத்திலும் அது தெரியும். ஆனால் நிலையான வளர்ச்சி பயிற்சியிலும், ஆடக் கிடைக்கும் நேரத்திலும், வீரரின் தொழில் ஒழுக்கத்திலும்தான் இருக்கிறது. சீராக ஆடும் குணமும் மறைந்த மதிப்பெண்தான். அது குறைவாக இருப்பவர் ஒரு வாரம் ஜொலிப்பார், மறுவாரம் காணாமல் போவார். நிஜக் கால்பந்துக்கு மிக அருகில் இருப்பது இதுதான் என்பேன்.

இஏ ஸ்போர்ட்ஸ் எஃப்சி (முன்பு ஃபிஃபா என்ற பெயரில் வந்த தொடர்) கேமில், பல சீசன் ஆடும் பகுதியான கேரியர் மோட் நேர் எதிர். ஃபிஃபா 20-இல் வந்த மாறும் பொட்டன்ஷியல் (எட்டக்கூடிய உச்சம்), நன்றாக ஆடுபவரின் உச்சத்தையே உயர்த்தும். பெஞ்சில் உட்கார வைத்தால் இறங்கவும் செய்யும். ஃபிஃபா 21-இல் வளர்ச்சித் திட்டங்களும், வீரர் ஆட்டத்துக்கு எவ்வளவு தயார் என்று காட்டும் ஷார்ப்னஸும் சேர்ந்தன. கன்ட்ரோலரைப் பிடித்து நாமே அடித்த கோலுக்குக் கண்ணெதிரே பலன் கிடைப்பது பெரிய சந்தோஷம். சிக்கல் என்னவென்றால், கை தேர்ந்தவர் யாரை இறக்கினாலும் நட்சத்திரமாக்கிவிடலாம். அப்புறம் திறமை தேடும் வேலைக்கே அர்த்தம் குறைகிறது.

ஈஃபுட்பாலில் அனுபவப் புள்ளிகளால் லெவல் ஏறும். கிடைக்கும் புள்ளிகளை ஷூட்டிங், பாஸிங், டிரிப்ளிங் என்று நாமே பங்கிடுகிறோம். ஃபார்மைக் காட்டுவது அம்புக்குறி. நிஜ லீக்கில் அந்த வீரர் எப்படி ஆடினார் என்பதும் அதைப் பாதிக்கும். நேற்று நம் அணிக்காக மூன்று கோல் அடித்தவர் இன்று கீழ்நோக்கிய அம்போடு வரலாம். அணியைச் சுழற்ற வைப்பதற்கு இது நல்ல ஏற்பாடு. ஆனால் ஒரு வீரரோடு பல சீசன் பயணிக்கும் உணர்வு இதில் வராது.

ஒரு பையனைப் பதினாறு வயதிலிருந்து வளர்த்துப் பார்க்க ஆசையா? ஃபுட்பால் மேனேஜரை எடுங்கள். நீங்களே ஆட வேண்டும் என்றால் எஃப்சி சரி, ஆனால் கடினத்தை உயர்த்தி வையுங்கள். அப்போதுதான் அந்த ஐந்து ஆட்டக் கோல்களுக்கு மதிப்பு இருக்கும்.